பேய் கையொப்பமிட்ட விண்ணப்பம்

விண்ணப்பதாரி அல்லாத ஒருவர் விண்ணப்பதாரியின் பெயரில் கையொப்பமிட்டிருந்தால் அந்த விண்ணப்பத்தை ஏற்கக் கூடாது. காரணத்தைக் குறிப்பிட்டு உடனே திருப்பி அனுப்ப வேண்டும். கண்டியில் ஒரு பதிவுக் காரியாலயத்தில் முப்பத்துநான்கு வருடங்கள் இருந்து, தலைமை எழுதுவினைஞராக ஓய்வுபெற்றவன் நான். இந்த விதியைச் சொல்லி நான் திருப்பி அனுப்பியவற்றை அடுக்கினால் குண்டசாலையில் இருக்கும் என் வீட்டுக் கூரையைத் தொடும். மகனுக்காகக் கையொப்பமிட்ட தகப்பன், கணவனுக்காக இட்ட மனைவி, ஒருமுறை காலமாகிவிட்ட மாமனாருக்காகவே இட்ட மருமகன் என்று எல்லோரையும் கண்டுபிடித்திருக்கிறேன். ஒரு பேய்க்காக ஒரு நடிகை கையொப்பமிட்ட விண்ணப்பம் மட்டும் தப்பிப் போய்விட்டது. அதை வரி வரியாக எழுதிக் கொடுத்தவன் நானே என்பதால், வேறு யாரும் சொல்லுமுன் நானே சொல்லிவிடுவது உத்தமம்.

இதற்கெல்லாம் காரணம் ஓர் இந்தியப் பேய்ப்பட இயக்குநர். அவரை எனக்கு அறிமுகப்படுத்தியது என் கெட்ட பழக்கம் ஒன்று. தொலைக்காட்சி நாடகங்களில் வரும் நடைமுறைத் தவறுகளைச் சுட்டிக்காட்டிப் பத்திரிகை ஆசிரியர்களுக்குக் கடிதம் எழுதுவேன். ஒரு நாடகத்தில் கதாநாயகன் காலையில் விண்ணப்பித்த பிறப்புச் சான்றிதழை மாலையில் கையில் வாங்கிக்கொண்டு அழுகிறான். அவன் அழுததில் எனக்கு ஆட்சேபம் இல்லை, மாலையில் வாங்கியதில்தான். அந்தக் கடிதம் அச்சில் வந்ததும், கண்டியில் படப்பிடிப்புக்கு ஆள் சேர்த்துக் கொடுக்கும் ஒருவர் அதை வெட்டி இயக்குநருக்கு அனுப்பியிருக்கிறார். ஒரு வாரத்தில் என் வீட்டு வாசலில் முச்சக்கரவண்டி ஒன்று நின்றது. சாயம் போன சட்டையும் ரப்பர் செருப்புமாக ஐம்பத்தைந்து வயதுக்காரர் ஒருவர் இறங்கினார்.

"சார், பழைய காலத்து கவர்மென்ட் ஆபீஸ் ஒண்ணு கட்டணும். தப்பில்லாம. நீங்க கூட இருக்கணும்" என்றார்.

"பேய்ப்படத்தில் ஆபீஸ் எதற்கு தம்பி?"

"பேய் அங்கதான் சார் வருது. பத்தரை மணிக்கு."

"இரவா?"

"பகல்ல. ராத்திரி ஆபீஸ் பூட்டியிருக்குமே."

இந்தப் பதிலிலேயே எனக்கு அவரைப் பிடித்துவிட்டது. என் மனைவி மட்டும், யாழ்ப்பாணத்தில் பிறந்து கண்டிப் பாடசாலைகளில் கணக்குப் படிப்பித்த அனுபவத்தில், தேநீரை வைத்தபடி, "ஓம், ஓம். முப்பத்துநாலு வருசம் ஆக்களை வெருட்டினது காணாதெண்டு இனிப் பேயோடயும் சேரப்போறியள்" என்றாள்.

அவருடைய படங்களை நான் அதற்கு முன் பார்த்ததில்லை. பிறகு ஒவ்வொன்றாகப் பார்த்தேன். நீலகிரியில் தேயிலைத் தோட்டக் குடியிருப்பில் பிறந்தவர். பள்ளிக்கூடத்தைப் பாதியில் விட்டுச் சென்னைக்குப் போய், ஒரு ஸ்டூடியோவில் விளக்குகளைத் தூக்கியிருக்கிறார். பிறகு கலை இயக்குநர் ஒருவரிடம் செயற்கைச் சிலந்தி வலை பின்னும் வேலை. "அஞ்சு வருஷம் சார். நான் பின்னின வலையில ஒரு சிலந்தி வந்து குடியிருந்துச்சு. அதுதான் எனக்குக் கெடச்ச முதல் விருது" என்பார். முதல் படத்தில் பேய் ஒரு ரேஷன் கடை வரிசையில் நிற்கிறது. அலறாது, பறக்காது, யாருடைய கழுத்தையும் நெரிக்காது. வரிசை நகர நகர அதுவும் நகரும். முன்னால் நிற்பவன் திரும்பிப் பார்க்கும் வரை படம் பார்ப்பவர்களுக்கு வேர்க்கும். விமர்சகர்கள் சிரித்தார்களாம். இரண்டாவது படத்தில் தயாரிப்பாளர் கட்டாயப்படுத்திப் பேயைக் கம்பியில் கட்டிப் பறக்கவிட்டார். கம்பி அறுந்து பேய்க்குக் கால் முறிந்தது; படத்துக்கும் அப்படியே. அதன் பிறகு ஏழெட்டு வருடம் யாரும் அழைக்கவில்லை. இப்போது கைத்தொலைபேசியில் படம் பார்க்கும் பிள்ளைகள் அவருடைய பழைய படங்களைத் தேடியெடுத்துக் கொண்டாடுகிறார்கள். அவர் படங்களில் பேய்கள் எல்லாம் பெண்கள். எல்லோரும் எங்கேயோ காத்திருக்கிறார்கள். யாருக்கும் பெயர் கிடையாது. கடைசியில் நடிகர் பட்டியலில்கூட 'அவள்' என்றுதான் இருக்கும்.

கெலிஓயாவுக்கு அருகில் பூட்டிக் கிடந்த ஒரு பழைய பங்களாவை வாடகைக்கு எடுத்துக் காரியாலயமாக்கினோம். 'ஆக்கினோம்' என்று நான் சொல்வதைக் கலை இயக்குநர் ஏற்கமாட்டார். நான் அவருடைய வேலையைக் கெடுத்தேன் என்பார். பொதுமக்கள் பக்கத்துக் கவுண்டர் அவர் கட்டியதைவிட நான்கு அங்குலம் உயரமாக இருக்க வேண்டும், வருகிறவர் எட்டிப் பேசினால்தான் அது கவுண்டர் என்றேன். கோப்புகளைச் சிவப்பு நாடாவால் கட்டியிருந்தார்; அவிழ்த்துவிட்டு, துளையிட்டு நூல் கோர்க்கச் செய்தேன். தபால் தட்டுகள் இரண்டையும் பிளாஸ்டிக்கில் வாங்கி வந்திருந்தார். என் வீட்டிலிருந்து, நான் ஓய்வுபெற்றபோது காரியாலயம் கழித்துவிட்ட இரண்டு மரத் தட்டுகளைக் கொண்டுபோய் வைத்தேன்: ஒன்று உள்ளே வருவதற்கு, மற்றது வெளியே போவதற்கு. நான் அலுமாரியைத் திறந்து மூடிப் பார்க்கும்போதெல்லாம் இயக்குநர் ஓரமாகக் கைகட்டி நின்று கொண்டிருப்பார். கவுண்டருக்கு அருகில் வரவேமாட்டார்.

"எனக்குப் பேய்னா பயமில்ல சார். கவுண்டர்னாதான். நீங்க கட்டுனதைப் பார்த்தா திரும்பி ஓடிடலாம்னு தோணுது" என்றார் ஒரு நாள். எனக்குப் பெருமையாக இருந்தது.

இந்த இடத்தில் நானாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். முஸ்லிம்கள் அண்ணனை நானா என்பார்கள்; நாங்களும் அவரை அப்படியே அழைத்தோம். திகனயைச் சேர்ந்தவர்; என் காரியாலயத்தில் உதவியாளராக இருந்தவர். முப்பது வருடம் தினமும் மூன்று மணிக்குத் தபாலைக் கொண்டுபோனவர். அவர் தபாலைத் தவறவிட்ட நாள் கிடையாது. தபால் முத்திரை ஒட்டாத உறையை எடுத்துப்போன நாளும் கிடையாது. மேலதிகாரியே கொடுத்தாலும், "முத்திரை இல்ல சேர்" என்று மேசையில் திருப்பி வைத்துவிடுவார். என்னைப் பார்க்கப் படப்பிடிப்புக்கு வந்தவரை இயக்குநர் மேலும் கீழும் பார்த்து, "இவர்தான் சார் என் பியூன்" என்று பிடித்துக்கொண்டார். "நடிக்க ஒண்ணும் வேணாம் நானா, வழக்கமா செய்யறதைச் செய்யுங்க" என்று அவர் சொன்னதை நானும் கேட்டேன். அதைச் சொல்லியிருக்கக் கூடாது.

கதைப்படி பேய் கவுண்டருக்கு வந்து தன் பிறப்புப் பதிவைத் தேடித்தரும்படி விண்ணப்பம் கொடுக்கிறது. வெறும் தாளைக் கொடுத்தால் போதும் என்றார்கள். என் கண்முன்னே ஒரு கவுண்டரில் வெறும் தாள் கைமாறுவதை நான் எப்படிச் சகிப்பேன்? சரியான படிவத்தில் நானே எழுதித் தருகிறேன் என்று உட்கார்ந்து, முதல் கட்டத்திலேயே நிமிர்ந்து பார்த்தேன்.

"விண்ணப்பதாரியின் பெயர்?"

"பேய்க்குப் பேர் கெடையாது சார்."

"பெயர் இல்லாவிட்டால் நான் வாங்கமாட்டேன்."

அவர் கதிரையை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். பிறகு ஒரு பெயரைச் சொன்னார். தகப்பன் பெயர், கண்டிக்கு மேலே ஒரு தோட்டத்தின் பெயர், பிரிவின் பெயர் எல்லாவற்றையும் மடமடவென்று சொன்னார். அது அவருடைய அம்மாவின் விவரம்.

அம்மா பிறந்தது அந்தத் தோட்டத்துத் தொழிலாளர் வரிசை வீடுகளில், லயத்தில். பெற்றவள் கைக்குழந்தையை விட்டுவிட்டுப் போய்ச்சேர்ந்துவிட்டாள். தகப்பன் சீக்கிரமே வேறு கலியாணம் செய்து, முதல் மனைவியின் பெயரை வீட்டில் யாரும் எடுக்கக் கூடாது என்று வைத்துவிட்டார். ஊரிலும் அவளை 'இன்னாரு சம்சாரம்' என்றுதான் சொன்னார்கள். அம்மா கலியாணமாகி, தோட்டத் தமிழரை இந்தியாவுக்கு அனுப்ப இரு அரசுகளும் செய்த ஒப்பந்தத்தில் பெயர் வந்து, தலைமன்னாரில் கப்பலேறி இந்தியாவுக்குப் போய்விட்டார். அங்கே முகாமில் விவரம் எழுதியவர் தாயின் பெயர் கேட்க, இவர் விழிக்க, அந்த இடத்தில் சித்தியின் பெயரை எழுதி, பிறந்த தேதியாகவும் ஏதோ ஒன்றைப் போட்டு அனுப்பிவிட்டார். இயக்குநர் சிறுபிள்ளையாக இருந்தபோது அம்மா அதைத் திருத்தக் கேட்டு எத்தனையோ காரியாலயங்களின் வாங்குகளில் அவரைப் பக்கத்தில் உட்கார்த்திவைத்துக் காத்திருந்தார். இப்போது அம்மாவுக்கு எண்பத்திரண்டு வயது. தாயின் பெயர் இன்னும் தெரியாது. இலங்கைக்கு இயக்குநர் இரண்டு முறை விண்ணப்பம் அனுப்பினார். இரண்டு முறையும் 'பதிவு காணப்படவில்லை' என்ற ஒரு வரிதான் வந்தது.

"என்ன எழுதிக் கேட்டீர்கள்?" என்றேன்.

"அம்மா பேரு, பாஸ்போர்ட்ல இருக்கிற பொறந்த தேதி."

"இரண்டும் பதிவேட்டில் இருக்காது தம்பி. தோட்டத்தில் பிள்ளை பிறந்தால் பெயர் வைக்குமுன்பே நிர்வாகம் பதிய அனுப்பிவிடும். பெயர்க் கட்டத்தில் கோடுதான் இருக்கும். தேதி உங்கள் முகாம்காரர் கற்பனை. தகப்பன் பெயர், தோட்டம், பிரிவு, இந்த வருடத்திலிருந்து இந்த வருடம் வரை, பெண் பிள்ளை என்று கேட்க வேண்டும்."

அவர் என் முகத்தையே பார்த்தார். "அப்ப இவ்வளவு வருஷமும் நான் தப்பாவே கேட்டுட்டு இருந்திருக்கேன்."

படப்பிடிப்பு முடிந்ததும் அம்மாவின் கையொப்பத்தோடு, உரிய இணைப்புகளோடு, முறைப்படி செய்துதருவதாக வாக்களித்தேன். அதற்கிடையில் படத்துக்கான விண்ணப்பத்தை எழுதி முடித்தேன். பொய்யான முகவரி எழுதக் கை வரவில்லை. உரிய காரியாலயத்தின் முகவரியையே எழுதினேன். பதில் வர உள்ளூர் முகவரி கட்டாயம் என்பதால் என் வீட்டு முகவரியிட்ட உறை ஒன்றையும் வைத்தேன். ஒட்ட வேண்டிய முத்திரைகளையெல்லாம் ஒட்டினேன். அப்படி ஒரு விண்ணப்பம் என் காலத்தில் என் மேசைக்கு வந்திருந்தால் எழுந்து நின்று வாங்கியிருப்பேன்.

படமெடுத்த நாள் காலை பத்தரைக்கு, ஈரக் குடையுடன் பேய் வந்தது. சாதாரண நூல் சேலை, கலைந்த கொண்டை. நடிகை கவுண்டரை எட்டிப் பேனாவை வாங்கிக் கையொப்பமிட்டார். நான் என்னையறியாமல், "கட்டத்துக்குள்ளே அம்மா, கோட்டைத் தாண்டக் கூடாது" என்று சொல்லிவிட்டேன். முதல் முறை எடுத்தது வீண். இரண்டாம் முறை வாயைக் கைக்குட்டையால் மூடிக்கொண்டேன். பிற்பகலில் எடுத்த காட்சியில், பேயின் விண்ணப்பம் உறையில் போடப்பட்டு வெளியே போகும் தட்டுக்கு வருகிறது. நானா தட்டில் இருப்பதை அள்ளிக்கொண்டு வாசலைத் தாண்டிப் போக வேண்டும், அவ்வளவுதான். நானா அள்ளினார், போனார். வெளிச்சத்தில் அவர் முதுகு மறைந்ததும் இயக்குநர் "கட்!" என்றார். எல்லோரும் கைதட்டினார்கள். நானா திரும்பி வரவில்லை.

முக்கால் மணி நேரம் கழித்து, கையில் ஒரு வடைப் பொட்டலத்துடன் வந்தார்.

"எங்கே போனீர்கள் நானா?"

"தபாலுக்கு சேர். மூணு மணி ஆகிட்டு ஈந்திச்சே."

"எதை... எதைப் போட்டீர்கள்?"

"தட்டில பத்துப் பன்னண்டு உறை ஈந்திச்சு. ஒண்டுலதான் முத்திரை ஈந்திச்சு. அதப் போட்டேன். மத்ததெல்லாம் இந்தா."

"அது சினிமா நானா! கட் சொன்னது காதில் விழவில்லையா?"

"கட் செல்லினது கெமராவுக்குத்தானே சேர்? தபாலுக்கு ஒருத்தரும் கட் செல்ல இல்லயே."

கலை இயக்குநர் விழுந்து விழுந்து சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. விண்ணப்பதாரி அல்லாத ஒருவர், அதுவும் பேயாக நடிக்கும்போது, இட்ட கையொப்பத்துடன் ஓர் அரச காரியாலயத்துக்கு என் கையெழுத்தில் ஒரு விண்ணப்பம் போய்க்கொண்டிருக்கிறது. அன்றே கவுண்டருக்குப் பின்னால் உட்கார்ந்து அதை மீளப்பெறும் கடிதத்தை எழுதினேன்: பொருள், தொடர்பு, மூன்று பந்திகள், பணிவுடன். இயக்குநர் வந்து என் பக்கத்தில் நின்றார். முதன்முறையாகக் கவுண்டருக்கு இந்தப் பக்கம் வந்திருந்தார்.

"சார், அத நிறுத்தாதீங்க" என்றார்.

"தம்பி, கையொப்பம் உங்கள் அம்மாவுடையது இல்லை."

"கேள்வி அம்மாவோடது சார்."

விதிப்படி என்ன செய்ய வேண்டும் என்பதில் எனக்கு ஒரு கணமும் சந்தேகம் இல்லை. கடிதத்தை மடித்து உறையில் போட்டு, முகவரி எழுதி, வாயை ஒட்டி, தபால் முத்திரை மட்டும் ஒட்டாமல் நானாவிடம் கொடுத்தேன்.

நானா அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "சேர், இதுக்கு முத்திரை இல்ல."

"தெரியும்."

"முத்திரை இல்லாம நான் போடமாட்டேன்."

"அதுவும் தெரியும்."

நானா என்னை ஒரு பார்வை பார்த்தார். உறையை நான்காக மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டு, "வடை ஆறப் போகுது சேர்" என்றார்.

இருந்தாலும் மனச்சாட்சி என்று ஒன்று இருக்கிறதே. முதலில் செய்துவிட்டுப் பிறகு ஒழுங்காக்குவது எங்கள் சேவையில் நெடுநாள் வழக்கம். முதல்முறையாக அது எனக்கே தேவைப்பட்டது. 'மேற்படி விண்ணப்பம் என் சம்மதத்துடனேயே அனுப்பப்பட்டது' என்று அம்மாவிடம் ஒரு கடிதம் வாங்கி, அடையாளப் பத்திரங்களின் பிரதிகளுடன் அனுப்பச் சொன்னேன். அதற்காக ஒரு நாள் அவருடன் தொலைபேசியில் பேசினேன்.

"கண்டியிலேர்ந்தா சார் பேசுறீங்க? மழையா அங்க?"

"காலையில் பெய்தது அம்மா. இப்போது வெயில்."

"அப்படித்தான் இருக்கும். என் மவன் உங்களுக்கு ரொம்பத் தொல்லை குடுக்கறானா? அவன் படத்தப் பார்த்தா எல்லாரும் பயப்படுறாங்களாம். எனக்குப் பாவமாத்தான் இருக்கும். எவ்வளவு நேரமா நிக்கிறா, ஒரு வாய் தண்ணியாவது குடுங்கடான்னு தியேட்டர்ல கத்திட்டேன். வெளிய கூட்டிட்டுப் போயிட்டான்."

கையொப்பத்தைப் பற்றி விளக்கினேன். கவனமாகக் கேட்டுக்கொண்டார்.

"எத்தன கையெழுத்து வேணுமோ போடறேன் சார். ஆனா சீக்கிரம் பாருங்க. நான் மேல போய்ச் சேர்ந்தா எங்கம்மாவத் தேடணும்ல? பேர் தெரியாம யாருகிட்டப் போயி என்னன்னு கேப்பேன்? அங்கயும் கவுண்டர் இருக்கும். உங்கள மாதிரி ஒருத்தர்தான் உக்காந்திருப்பாரு."

இருப்பார் என்றுதான் நானும் நினைக்கிறேன். பெயரில்லாமல் அவர் வாங்கமாட்டார்.

படப்பிடிப்புக் குழு திரும்பிப் போனது. ஒவ்வொரு ஞாயிறும் இயக்குநர் அழைப்பார். எடுத்தவுடன் கேட்கமாட்டார். படத்தொகுப்பு எப்படிப் போகிறது என்று ஐந்து நிமிடம் சொல்வார். கடைசிக் காட்சியில் பேய் காரியாலயத்தைக் கொளுத்த வேண்டும் என்று தயாரிப்பாளர் நிற்கிறாராம். "கொளுத்திட்டா பதிவேடும் சேர்ந்து போயிடுமே சார்னு சொன்னேன்" என்றார். இப்படிப் பொறுப்புணர்ச்சியுள்ள கலைஞர்கள் குறைவு. பிறகு குரலைத் தாழ்த்தி, "ஏதாவது...?" என்பார். "நடைமுறை நடக்கிறது" என்பேன். முப்பத்துநான்கு வருடம் மற்றவர்களுக்குச் சொன்ன வசனம். சொல்லிவிட்டு வைத்த பிறகு மறுபக்கத்தில் இருப்பவருக்கு எப்படி இருக்கும் என்று அந்த மாதங்களில்தான் யோசித்துப் பார்த்தேன். நினைவூட்டல் கடிதம் இரண்டு அனுப்பினேன். இரண்டுக்கும் முத்திரை ஒட்டியிருந்தேன். சித்திரை போனது, வைகாசி போனது. ஆடியில் அம்மாவை மூன்று நாள் ஆஸ்பத்திரியில் வைத்திருந்தார்கள். கண்டிப் பெரஹரா ஊர்வலத்துக்காக வீதிகளை மூடியபோது தபால்காரர் ஒரு வாரம் எங்கள் பக்கம் வரவில்லை. தினமும் காலையில் வாசல் படலையடியில் போய் நின்றேன். "ஆருக்குக் காவல் நிக்கிறியள்?" என்று மனைவி கேட்டாள். பிறகு அவளும் ஒரு தேநீரைக் கொண்டுவந்து பக்கத்தில் நின்றாள்.

உறை வந்தபோது அதில் இருந்தது என் கையெழுத்து; என் முகவரியை நானே எழுதி வைத்த உறை. உள்ளே ஒரு பதிவின் உறுதிப்படுத்தப்பட்ட பிரதி. பிள்ளையின் பெயர் என்ற கட்டத்தில் நான் சொன்னதுபோலவே ஒரு கோடு. தகப்பன் பெயர் சரி, தோட்டம் சரி, பிரிவு சரி. தாயின் பெயர் என்ற கட்டத்தில், சாய்ந்த பழைய எழுத்தில், ஒரு பெயர் இருந்தது. அதை இங்கே எழுதமாட்டேன். மகளுக்கு வந்தது அது.

இயக்குநரை அழைத்தேன். "எனக்குச் சொல்லாதீங்க சார், மொதல்ல அம்மாவுக்கு" என்று சொல்லித் தொலைபேசியை அவரிடம் கொடுத்துவிட்டார். நான் தொண்டையைச் செருமிக்கொண்டு, காரியாலயத்தில் பெயர் கூப்பிடுவதுபோல, நிறுத்தி நிறுத்தி வாசித்தேன்.

மறுபக்கத்தில் அவர் அந்தப் பெயரைச் சொல்லிப் பார்த்தார். இன்னொரு முறை சொன்னார், பக்கத்து அறையில் இருப்பவரைக் கூப்பிடுவதுபோல. பிறகு சிரித்தார்.

"நல்ல பேரா இருக்கே சார்! இதப் போயா எங்கப்பன் மறைச்சு வச்சிருந்தான்?" என்றார். "எங்கம்மா என்னைக்குச் செத்தாங்கன்னு எனக்குத் தெரியாது. ஒரு நாளும் வெளக்கேத்தி வச்சதில்ல, பேரில்லாம எப்படி ஏத்தறது? இனி வருஷா வருஷம் ஏத்துவேன். எந்த நாள்னு வச்சுக்க? இந்தக் கடுதாசி உங்க கைக்கு வந்த நாளே இருக்கட்டும். தேதி சொல்லுங்க சார். டேய், பேனாவ எடு."

பழக்கதோஷத்தில், கடிதத்தைப் பிரிக்குமுன்பே உறையின் மூலையில் பெற்ற திகதியைப் பென்சிலால் குறித்திருந்தேன். அதைப் பார்த்துச் சொன்னேன்: ஆவணி மாதம், கடைசி வெள்ளிக்கிழமை.